உம்மம்மாவின் எலும்பும் எங்கள் வயதும்

கடந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது எங்கள் உம்மம்மா விழுந்துவிட்டார். மரத்திலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ அல்ல. சுபஹுத் தொழுகைக்கு வுழூச் செய்துவிட்டுக் குளியலறையிலிருந்து வெளியே வரும்போது ஈரத்தில் கால் வழுக்கியது, அவ்வளவுதான். அதே இடத்தில் என் தம்பி எத்தனையோ தடவை விழுந்திருக்கிறான். விழுந்த வேகத்திலேயே எழுந்து ஓடிவிடுவான். உம்மம்மாவால் எழும்ப முடியவில்லை.

“ஒண்டுமில்ல மகள், கொஞ்சம் நோகுது. எண்ணெயத் தடவினாச் சரியாப் போயிடும்” என்றார்.

எண்ணெயால் சரியாகவில்லை. எக்ஸ்ரே படத்தில், தொடை எலும்பு இடுப்போடு பொருந்தும் கழுத்துப் பகுதியில் முறிந்திருந்தது. “ஒரு சின்ன வழுக்கல்தானே டொக்டர்?” என்று உம்மா அழுதுகொண்டே கேட்டார். “சின்ன வழுக்கலுக்கே முறிஞ்சிருக்கு எண்டா, எலும்பு எப்பவோ பலவீனமாகிட்டு எண்டுதான் அர்த்தம்” என்றார் வைத்தியர்.

சத்திரசிகிச்சை நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், உம்மம்மா இப்போது வோக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். ஆனால் கதிரையில் இருந்தே தொழுகிறார். ஒரு நாள் அஸர் தொழுது முடித்ததும், “நெத்தி நிலத்தில படாமத் தொழுறது மனசுக்கு ஒரு மாதிரித்தான் புள்ள இருக்கு” என்று என்னிடம் சொன்னார். அன்று இரவு உயிரியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எலும்பைப் பற்றி மட்டும் வாசித்தேன். பரீட்சைக்காக அல்லாமல் நான் வாசித்த முதற் பாடம் அதுவாகத்தான் இருக்கும். அதிலும் அதற்குப் பின் தேடி வாசித்தவற்றிலும் அறிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன். இது கிழவிகளின் நோய் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சகோதரிகளே. இதில் பாதிக் கதை நம்முடையது.

எலும்பு ஓர் உயிருள்ள இழையம்

விஞ்ஞான ஆய்வுகூடத்தில் தொங்கும் எலும்புக்கூட்டைப் பார்த்துப் பழகியதால், எலும்பு என்றால் காய்ந்த கல் மாதிரி ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். நம் உடலில் இருக்கும் 206 எலும்புகளும் உயிருள்ளவை. அவற்றில் ஒரு வகைக் கலங்கள் பழைய எலும்பைக் கரைத்து எடுக்கின்றன. இன்னொரு வகைக் கலங்கள் அதே இடத்தில் புது எலும்பைக் கட்டுகின்றன. பழைய வீட்டைத் திருத்தும் மேசன்மார் ஒரு பக்கச் சுவரை இடித்து இடித்துப் புதிதாகக் கட்டுவதைப் போன்ற வேலை இது. வளர்ந்த ஒருவரின் எலும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 10 சதவீதம் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது.

எலும்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. உடலில் உள்ள கல்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. மீதி ஒரு சதவீதம் இரத்தத்திலும் கலங்களிலும் இருந்துகொண்டு இதயத்தைத் துடிக்க வைக்கிறது. தசையைச் சுருங்க வைக்கிறது. இரத்தத்தை உறைய வைக்கிறது. இந்த ஒரு சதவீதம் குறைய உடல் இடம் கொடுக்காது. சாப்பாட்டில் கல்சியம் போதாவிட்டால், பரதைரொயிட் சுரப்பியின் ஓமோன் எலும்பிலிருந்து கல்சியத்தை எடுத்து இரத்தத்துக்குக் கொடுத்துவிடும். நாம் சாப்பிடாமல் விட்டதை எலும்பு கொடுத்து ஈடுசெய்கிறது. எந்த வலியும் தெரியாது.

கட்டுவதைவிடக் கரைப்பது கூடிவிட்டால் எலும்பின் உள்ளே இருக்கும் வலைப்பின்னல் மெலிந்து, துளைகள் பெரிதாகின்றன. இதைத்தான் ஒஸ்டியோபொரோசிஸ் என்கிறோம். முழங்கால் நோவையும் மூட்டுத் தேய்வையும் இதனோடு பலர் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். மூட்டுத் தேய்வு நோகும். இந்த நோய் எலும்பு முறியும் வரை நோகாது. பெரும்பாலும் முறிவது மணிக்கட்டு, முள்ளந்தண்டு, இடுப்பு ஆகிய மூன்று இடங்களில்தான். உலகில் 50 வயதைத் தாண்டிய பெண்களில் மூவரில் ஒருவரும் ஆண்களில் ஐவரில் ஒருவரும் தம் மீதி வாழ்நாளில் இத்தகைய முறிவொன்றைச் சந்திக்கிறார்கள் என்று சர்வதேச ஒஸ்டியோபொரோசிஸ் மன்றம் கூறுகிறது.

அல்குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தில், ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் தமது முதுமையை இறைவனிடம் எடுத்துச் சொல்லும்போது முதலில் சொல்வது எலும்பின் பலவீனத்தை. நரையை அதற்குப் பிறகுதான். எத்தனையோ தடவை ஓதிய இடம். உம்மம்மா விழுந்த பிறகுதான் அந்த வரிசை என் கண்ணில் பட்டது.

ஏன் பெண்களுக்கு அதிகம்?

எலும்பைக் கரைக்கும் கலங்களுக்குக் கடிவாளம் போட்டு வைத்திருப்பது ஈஸ்திரஜன் என்ற ஓமோன். அது முக்கியமாகச் சூலகங்களிலிருந்து வருகிறது. மாதவிடாய் நிரந்தரமாக நிற்கும் வயதில் அது சடுதியாகக் குறைந்துவிடும். அதன் பின்னரான முதல் ஐந்து முதல் ஏழு வருடங்களுக்குள் ஒரு பெண் தன் எலும்படர்த்தியில் 20 சதவீதம் வரை இழக்கலாம். இந்தத் தொடர்பை 1941இல் எடுத்துக்காட்டியவர் புல்லர் ஆல்பிரைட் என்ற அமெரிக்க வைத்தியர்.

உம்மம்மாவிடம் வைத்தியர் பழைய விடயங்களை எல்லாம் கேட்டார். 41 வயதில் ஒரு சத்திரசிகிச்சையில் கருப்பையோடு சூலகங்கள் இரண்டையும் எடுத்துவிட்டார்கள் என்று உம்மம்மா சொன்னதும் அவர் தலையசைத்தார். மற்றப் பெண்களுக்கு 50 வயதளவில் தொடங்கும் இழப்பு உம்மம்மாவுக்கு 41இலேயே தொடங்கியிருக்கிறது. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பிறகு முதுகு கூனத் தொடங்கியபோது, “வயசு போனா அப்படித்தான்” என்று நாங்களும் விட்டுவிட்டோம். அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் பிஸ்கட் டின்னை எட்டி எடுப்பவர், கொஞ்சக் காலமாக என்னைத்தான் எடுத்துத் தரச் சொன்னார். உயரம் குறைந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இளவயதில் இருந்த உயரத்தில் 4 சென்ரிமீற்றருக்கு மேல் குறைந்தால், முள்ளந்தண்டு எலும்புகள் சத்தமில்லாமல் நசுங்கியிருக்கலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

பெரும்போகம் ஒரு தடவைதான்

எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கானுக்காக உம்மம்மாவைத் தூர இடமொன்றுக்குக் கூட்டிப்போனோம். அறிக்கையில் மைனஸ் 3.1 என்று இருந்தது. 1994இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கின்படி, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் அது ஒஸ்டியோபொரோசிஸ். இந்த எண்ணை யாரோடு ஒப்பிட்டுக் கணக்கிடுகிறார்கள் தெரியுமா? இருபதுகளில் இருக்கும் ஆரோக்கியமான ஓர் இளம் பெண்ணோடு. அதாவது, இன்னும் சில வருடங்களில் நாம் எப்படி இருக்க வேண்டுமோ அந்தப் பெண்ணோடு.

காரணம் இதுதான். பிறந்தது முதல் இருபதுகள் வரை எலும்பில் வரவு கூட, செலவு குறைவு. அதிலும் பருவமடைவதற்குச் சற்று முன்னும் பின்னுமான சில வருடங்களில் வரவு மிக வேகமானது. ஒரு பெண் 18 வயதாகும்போது, வாழ்நாளில் அடையக்கூடிய உச்ச எலும்புத் திணிவில் ஏறத்தாழ 90 சதவீதத்தைச் சேர்த்துவிடுகிறாள். அதன் பிறகு இருப்பதைக் காப்பாற்றலாமே தவிர, பெரிதாகக் கூட்ட முடியாது.

எங்கள் பகுதியில் வயல் செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது இலகுவாக விளங்கும். பெரும்போகத்தில் விளைந்த நெல்லை மூட்டை கட்டி அடுக்கி வைத்துவிட்டு வருடம் முழுக்க எடுத்துச் சாப்பிடுகிறோம். நெல்லுக்கு அடுத்த வருடமும் ஒரு பெரும்போகம் வரும். எலும்புக்கு ஒன்றுதான். அந்த அறுவடை நடக்கும் காலத்தில்தான் நாம் இந்த வகுப்பறையில் இருக்கிறோம். இளவயதில் 10 சதவீதம் கூடச் சேர்த்துக்கொண்டால் இந்த நோய் ஏறத்தாழ 13 வருடங்கள் பிந்தும் என்று கணித்திருக்கிறார்கள். உச்சத்தின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது பரம்பரைதான். அதை மாற்ற முடியாது. மீதி, நாம் சாப்பிடுவதிலும் நடமாடுவதிலும் இருக்கிறது.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். காலையில் உம்மா வைக்கும் பாலைத் தம்பியிடம் தள்ளிவிடுவேன். உடம்பு வைத்துவிடும் என்ற பயத்தில் பகல் சாப்பாட்டைப் பாதியில் விடுவேன். இடைவேளையில் ஒரு ரோல்ஸும் சோடாவும். பின்னேரம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை டியூசன் கதிரை. மூட்டை அடுக்க வேண்டிய வருடத்தில் சாக்கை வெறுமையாகவே வைத்திருந்திருக்கிறேன்.

மெலிய வேண்டும் என்று பட்டினி கிடக்கும் சகோதரிகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறிப் பட்டினி கிடந்தால் மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றுபோகலாம். நின்றால் ஈஸ்திரஜனும் குறைந்துவிட்டது என்று பொருள். 41 வயதில் உம்மம்மாவுக்கு நடந்தது 17 வயதில் நமக்கு நடக்கக் கூடாது. அப்படி நின்றால் வெட்கப்படாமல் உம்மாவிடம் சொல்லி வைத்தியரைக் காணுங்கள்.

கோப்பையில் என்ன இருக்கிறது?

நம் வயதில் ஒரு நாளைக்கு 1300 மில்லிகிராம் கல்சியம் தேவை. வளர்ந்தவர்களுக்கு 1000 போதும். கல்சியம் என்றதும் பால்மாதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற நமக்கு, அதை மட்டும் நம்ப முடியாது என்பதும் தெரியும். நல்ல வேளை, நம் ஊர்ச் சமையலறையில் வேறு வழிகளும் இருக்கின்றன.

ஒரு கப் பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம். 100 கிராம் தயிரில் 120க்கு மேல். 50 கிராம் குரக்கன் மாவில் 170 அளவில். ஒரு மேசைக்கரண்டி தோல் நீக்காத எள்ளில் 90 அளவில். டின் மீனை எலும்போடு 100 கிராம் சாப்பிட்டால் 240 அளவில். இவை எல்லாம் சேர்ந்தாலே 850ஐத் தாண்டுகிறது. எலும்போடு மென்று சாப்பிடக்கூடிய நெத்தலியும், முருங்கையிலைச் சுண்டலும் மீதியை நிரப்ப உதவும். மீன் கறியில் சதையை மட்டும் தின்று முள்ளை ஒதுக்கும் நாம், சின்ன மீன்களில் அந்த முள்ளில்தான் கல்சியம் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். எல்லாக் கீரையும் ஒன்றல்ல. பசளி போன்றவற்றில் கல்சியம் இருந்தாலும், கூடவே இருக்கும் ஒட்சலேற்று அதைக் குடல் உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

எலும்பு வெறும் கல்சியம் அல்ல. அதன் உள்ளே கம்பி போட்ட கொங்கிறீற்றைப் போலப் புரத இழைகள் இருக்கின்றன. ஆகவே முட்டை, மீன், பருப்பு, கடலை ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்க வேண்டும். உப்புக் கூடினால் சிறுநீரோடு கல்சியமும் கூடப் போகும். எனவே கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவிச் சமைப்பது நல்லது.

வெயில் ஊரில் வெயில் படாதவர்கள்

சாப்பிட்ட கல்சியத்தைக் குடல் உறிஞ்ச விற்றமின் டீ வேண்டும். சாப்பாட்டில் அது குறைவு. மீன் கொழுப்பிலும் முட்டை மஞ்சட் கருவிலும் கொஞ்சம் உண்டு. பெரும்பகுதியை நமது தோல்தான் சூரியனின் புற ஊதாக் கதிரைக் கொண்டு தயாரிக்கிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வு, கண்டியில் வாழும் இலங்கையரையும் நோர்வேயின் ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டது. ஒஸ்லோவில் இருப்பவர்களின் இரத்தத்தில் விற்றமின் டீ மிகவும் குறைவாக இருந்தது. தோல் ஒன்றுதான், வெயில்தான் வேறு.

கல்முனையில் வெயிலுக்கா பஞ்சம்? வருடம் முழுக்கக் கொளுத்துகிறது. ஆனால் அது நம் தோலில் படுகிறதா என்பதே கேள்வி. காலையில் வேனில் பாடசாலை, பிறகு வகுப்பறை, பிறகு டியூசன், இரவில் வீடு. வெளியே போகும்போது மார்க்கம் சொன்னபடி உடலை மறைத்துக்கொள்கிறோம். அதில் குறை ஒன்றும் இல்லை. வெயிலைத் தேடிக்கொள்ளத் தெருவுக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. நம் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு மதிலோ வேலியோ அடைத்த பின்வளவு இருக்கிறது. உம்மம்மா காலத்துப் பெண்கள் அங்கேதான் நெல் காயவைத்தார்கள், மா இடித்தார்கள், உடுப்புக் கழுவினார்கள். கையும் முகமும் தாராளமாக வெயில் கண்டன. இன்று மா மில்லிலிருந்து வருகிறது. உடுப்பை மெசின் கழுவுகிறது. பின்வளவில் வாழைமரம் மட்டும் நிற்கிறது.

கிழமையில் சில நாட்கள், கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு கால் மணித்தியாலம் அளவில் அந்த வளவில் நில்லுங்கள். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே இதற்குப் பொருத்தமானது. அதிகாலை வெயிலில் அந்தக் கதிர் மிகக் குறைவு. யன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும் என்பதால், யன்னலருகே இருந்து படிப்பது கணக்கில் வராது. தோல் சிவக்கும் அளவுக்கு நிற்கத் தேவையில்லை. வெளியே வரவே முடியாத முதியவர்களுக்கு வைத்தியர் மாத்திரையாகக் கொடுப்பார்.

கதிரையை விட்டு எழும்புவோம்

எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னைக் கட்டிக்கொள்கிறது. டெனிஸ் வீரர்களின் மட்டை பிடிக்கும் கையில் எலும்பு மற்றக் கையைவிடத் தடிப்பாக இருக்கும். பாரமே உணராத விண்வெளியில் இருக்கும் வீரர்கள் இடுப்பெலும்பின் அடர்த்தியில் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் இழக்கிறார்கள். டியூசன் கதிரை விண்வெளி அல்லதான். ஆனால் நாள் முழுக்க அதில் இருப்பவளின் எலும்புக்கும் “நீ தேவை” என்ற செய்தி போய்ச் சேர்வதில்லை.

உயர்தரத்துக்கு வந்ததும் நாம் முதலில் கைவிடுவது விளையாட்டை. பெண்பிள்ளை பெரியவளானால் ஓடக் கூடாது என்று சொல்லும் வீடுகளும் உண்டு. ஓட இடமில்லாவிட்டால் கயிறு பாயலாம். அதற்கு ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். குதிப்பதும் படியேறுவதும் வேகமாக நடப்பதும் பாரம் தூக்குவதும் எலும்புக்கு நல்லவை. நான் மஃரிபுக்கு முன் பத்து நிமிடம் கயிறு பாய்கிறேன். முதல் நாள் தம்பி சிரித்தான். இப்போது அவனும் வரிசையில் நிற்கிறான்.

வீட்டு மூத்தவர்களுக்காக

நம் காலம் அறுவடைக்காலம் என்றால், அவர்கள் காலம் இருப்பதைக் காக்கும் காலம். 2012 குடிசனத் தொகை மதிப்பீட்டின்படியே இலங்கையில் 60 வயதைத் தாண்டியோர் 12.4 சதவீதம். இது கூடிக்கொண்டே போகிறது. நம் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் உம்மம்மாவோ வாப்பும்மாவோ இருக்கிறார். இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார் என்பதை வாசித்தபோது எனக்கு உடல் நடுங்கியது.

இந்த நோய்க்கு மருந்து உண்டு. உம்மம்மாவுக்குக் கிழமைக்கு ஒரு தடவை அலென்ட்ரோனேட் மாத்திரை. வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலம் படுக்காமல் இருக்க வேண்டும். படுத்தால் மாத்திரை தொண்டைக்குழாயைப் புண்ணாக்கிவிடும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த அரை மணித்தியாலம் உம்மம்மாவோடு கதைத்துக்கொண்டு இருப்பது என் பொறுப்பு. ஸ்கான் வசதி கிட்டாதவர்களுக்கும், வயது, முன்னைய முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு, நீண்டகால ஸ்டீரொயிட் மருந்து, புகைத்தல் போன்றவற்றை வைத்து முறிவு அபாயத்தைக் கணிக்கும் ஃபிரக்ஸ் என்ற கணிப்புமுறை 2008 முதல் இருக்கிறது. பின்னர் இலங்கைக்கென்றும் அது தயாரிக்கப்பட்டது. 50 வயது தாண்டிய உம்மாமார் இதைப் பற்றித் தங்கள் வைத்தியரிடம் கேட்கலாம்.

மருந்தைவிட முதலில் செய்யக்கூடியது, விழாமல் காப்பது. நாங்கள் செய்தவை பெரிய செலவில்லாதவை. குளியலறைச் சுவரில் பிடிகம்பி பூட்டினோம். வுழூச் செய்யும் இடத்தில் வழுக்காத றப்பர் விரிப்பு போட்டோம். இரவில் எரிய ஒரு சின்ன மின்குமிழ். அறையில் மடங்கிக் கிடந்த கார்ப்பெட்டைச் சுருட்டி எடுத்துவிட்டோம். தேய்ந்த ரப்பர் செருப்பை எறிந்தோம். கண்ணில் வெண்புரை இருக்கிறதா என்று பரிசோதித்தோம். இவற்றை எல்லாம் விழுவதற்கு முன்பே செய்திருக்கலாம் என்பதுதான் வருத்தம்.

அன்புச் சகோதரிகளே, இந்தச் சஞ்சிகையை மூடியதும் இரண்டு வேலை செய்யுங்கள். வீட்டுக்குப் போய்க் குளியலறை வாசலில் நின்று, உங்கள் உம்மம்மா எங்கே வழுக்கி விழக்கூடும் என்று பாருங்கள். பிறகு சமையலறைக்குப் போய், உங்களுக்காக வைத்த பாலை நீங்களே குடியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை நான் பின்வளவில் கயிறு பாய்ந்துகொண்டிருந்தேன். உம்மம்மா வோக்கரோடு வந்து வாசற்படியருகே வெயிலில் கதிரை போட்டு இருந்தார். “நல்லாக் குதி புள்ள. எனக்கு ஆரும் சொல்லித் தரல்ல” என்றார். எனக்குச் சொல்லித் தந்தது உம்மம்மாவின் முறிந்த எலும்பு. நிலத்தில் நெற்றி வைத்து ஸுஜூது செய்யும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் முதுமை வரை நம் எல்லோருக்கும் தருவானாக!